நாற்பது பெட்டிகளும் நலம்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நான், உன் அண்ணி, வாலுகள் இரண்டு, எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்கு முதுகுப்பிடிப்பு மட்டும் விட்டபாடில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உடம்பு எப்படி என்று முதலில் எழுது. ஆபீஸ் கதையெல்லாம் அப்புறம்.

இத்தனை நாள் வேலை பார்த்த கார் ஷெட்டுக்கு முழுக்குப் போட்டாயிற்று. முன்பு மரப்பட்டறையாக இருந்த ஒரு பெரிய கூடத்தை எடுத்திருக்கிறோம். சுவரெல்லாம் இன்னும் மரத்தூள், தும்மல்தான் தாங்கவில்லை. வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த கடைசி டிரான்ஸ்பார்மரை அண்ணி காலாலேயே வெளியே தள்ளிவிட்டு, "இனிமேலாவது இந்த வீட்ல மனுஷங்க படுக்கலாம்" என்றாள். என்னையும் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் கட்டுபவரையும் சேர்த்து ஆறு பேர் வேலை பார்க்கிறோம். கம்ப்யூட்டர் வாங்குகிற ஆபீஸ்கள் கூடிக்கொண்டே போகின்றன. கரண்ட் போவது மட்டும் குறையவில்லை. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாத பெட்டி செய்கிற எனக்கு அது போதும்.

சோதனை முறையையும் பெரிதாக்கிவிட்டோம். ஷெட்டில் ஒற்றைப் பல்பு. இங்கே பலகையில் இருபது பல்பு. பெட்டியை மாட்டி, எல்லாப் பல்பையும் எரியவிட்டு, காயில்காரர் மெயின் ஸ்விட்சை அணைப்பார். பல்பு சிமிட்டாமல் எரிந்தால் பெட்டியின் முதுகில் சாக்பீஸால் ஒரு டிக். சிமிட்டினால் திரும்ப மேசைக்கு. அவர் கண்ணை ஏமாற்றிவிட்டு ஒரு பெட்டியும் வெளியே போனதில்லை.

"உங்க அண்ணன் கடை திறக்கிறதே சாத்தறதுக்குத்தான்" என்று மாப்பிள்ளை சொல்வாரே. ரேடியோ கடைக்கும் வாட்டர் கூலர் கடைக்கும் அது சரிதான். இந்தக் கூடத்துக்குக் கதவே இல்லை என்று அவரிடம் சொல். பொய்தான், ஆனாலும் சொல்.

உன் ஆபீஸில் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கொடுத்த ஆறு பெட்டிகள் என்ன ஆயின? போனில் கேட்கலாம்தான். இங்கே நான் போனை எடுத்தால் மற்ற ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதனால் எழுது.

உன் அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தைக்குச் சளி வந்து போய்விட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. இவருக்கு வழக்கம்போல வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. கதவில்லாத கூடத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்ப ஓடிப் போறதுக்கு வசதி" என்றார். அண்ணி முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும்.

பெட்டிகளைப் பற்றி. இந்த மாதம் நான்கு தடவை கரண்ட் போயிற்று. உன் ஆறு பெட்டிகளில் மாட்டிய ஆறு கம்ப்யூட்டர்களும் அசையவில்லை. மற்றதெல்லாம் பொட்டென்று அணைந்து, எங்கள் பிரிவே "ஐயோ" என்றது. எங்கள் ஆபீஸ் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பிறந்தவர், இறந்தவர் எல்லோரையும் நாங்கள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். நடுவில் அணைந்தால் பாதி ஏறியவரின் கதி அதோகதி.

மேலாளர் என் மேசைக்கே வந்து, "உங்க அண்ணன் பெட்டி பரவாயில்லையே, மிச்ச முப்பத்திநாலு மெஷினுக்கும் எடுத்துடலாமா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் அண்ணன் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன். நாளைக்கு யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது பார்.

பதினொரு வருஷத்தில் இந்த ஆபீஸில் என் பேச்சைக் கேட்டு ஒரு பொருள் வாங்குகிறார்கள் என்றால் இதுதான் முதல் தடவை. நல்ல பெட்டியாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
தங்கை


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணிக்கு முதுகு தேவலை. உன் ஒத்தட வைத்தியத்துக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள். குழந்தை மறுபடி இருமுகிறதா என்று எழுது.

முப்பத்திநான்கு பெட்டியும் போன வாரம் வண்டி ஏறிவிட்டன. வந்து சேர்ந்ததாக உங்கள் ஸ்டோர் ஆள் போன் பண்ணினார். உன் ஆர்டர் வந்த ராசியோ என்னவோ, அடுத்தடுத்து மூன்று இடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். இப்போது பதினான்கு பேர். உட்கார ஸ்டூல் போதாமல் பேட்டரிப் பெட்டி மேலேயே உட்காருகிறோம். பில் போடுவதற்கென்று ஒரு அம்மாவைச் சேர்த்திருக்கிறேன். எங்களிடம் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரும் அவர் வசம். அதன் மேல் துண்டு போர்த்தி வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் போனால், "கை கழுவிட்டு வாங்க சார்" என்கிறார். முதலாளிக்கு இவ்வளவுதான் மரியாதை.

ஒரு சின்னத் தலைவலி வந்தது, தீர்ந்தது. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற்றிவிடுகிற ரிலே, அதை நமக்குச் செய்து கொடுப்பவர் இவ்வளவு எண்ணிக்கைக்குத் தாங்கமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். வேறொரு கம்பெனியின் ரிலே கேட்ட அளவுக்குக் கிடைக்கிறது. பல்புப் பலகையில் மாட்டிப் பார்த்தோம். இருபதும் சிமிட்டாமல் எரிந்தன. இருநூறாவது பெட்டியிலிருந்து அதைத்தான் போடுகிறோம்.

பெட்டிகள் எப்படி இருக்கின்றன? நீ ஒரு வார்த்தை எழுதினால் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். போன கடிதத்தைப் படித்தபோது காயில்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். மன்னித்துவிடு. குழந்தைக்குப் பரீட்சை, இவருக்கு வயிறு சரியில்லை, எனக்கும் கொஞ்சம் அசதி. இப்போது எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அண்ணிக்கு முதுகு தேவலை என்று படித்ததில் நிம்மதி.

பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாற்பது பெட்டிகளும் நலம். கூடத்தில் படித்துக் காட்டிக்கொள்.

எனக்கு இங்கே பிரிவு மாற்றம் ஆகியிருக்கிறது. கீழே பழைய பதிவேடுகள் இருக்கிற அறை. அமைதியான வேலை. நானும் இன்னொருவரும் மட்டும். அதனால் இனிமேல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கே எழுது. ஆபீஸ் போனிலும் கூப்பிடாதே. கீழே போன் இல்லை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பெட்டியைச் சோதிக்கும்போது பல்பு மட்டும்தான் மாட்டுவீர்களா? கம்ப்யூட்டரையும் மாட்டிப் பார்ப்பதுண்டா? எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏதோ தோன்றியது.

வாலுகளுக்கு என் முத்தம்.

தங்கை


ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் அசதி எப்படி? பதிவேட்டு அறையில் தூசி இருக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள். பதினொரு வருஷ சர்வீஸுக்கு அமைதியான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றால் மேலாளருக்கு உன் மேல் நல்ல அபிப்பிராயம்தான் என்று அண்ணி சொல்கிறாள்.

"நாற்பது பெட்டிகளும் நலம்." இதைப் படித்ததும் கூடமே சிரித்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. விளம்பரத் தாள் ஒன்று அச்சடிக்கக் கொடுத்திருந்தேன், அதன் தலையில் கொட்டை எழுத்தில் இதையே போட்டுவிட்டேன். கீழே "ஓர் அரசு அலுவலகப் பிரிவுத் தலைவர்". உன் பெயர் இல்லை, பயப்படாதே. தாள் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியைத்தான் விரலால் தொட்டுப் படிக்கிறார்கள்.

பெரிய சேதி இனிமேல்தான். இந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு நூற்றிருபது பெட்டி. ரத்தத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்கிற மெஷின்களாம். நடுவில் அணைந்தால் யார் ரத்தம் யாருடையது என்று குழம்பிப்போகும் என்றார்கள். "நம்ம பெட்டி அணையாது சார்" என்றேன். வாங்கும் அதிகாரி கறாரானவர். உங்கள் ஆபீஸ் தாளில், முத்திரையோடு, இத்தனை மாதமாக ஒரு பழுதும் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். மே முப்பதுக்குள். நீ மேலாளரிடம் சொல்லி வாங்கி அனுப்பிவிடு. உனக்கு ஐந்து நிமிஷ வேலை.

இது கிடைத்தால் பக்கத்துக் கூடத்தையும் சேர்த்து எடுக்கலாம். இன்னும் பத்துப் பேரை வரச் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பதுண்டா என்று கேட்டாய். எங்கே மாட்டுவது? அந்த அம்மா துண்டையே எடுக்க விடமாட்டார். பல்பு போதும். நெருப்பு எரிகிறதா இல்லையா என்பதற்கு வேறென்ன சாட்சி?

உன் அண்ணன்


மே 6

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கடிதம் தொலைந்துவிட்டதோ என்று முதலில் தபால்காரரைத் திட்டினேன். பாவம் அவர்.

பொறுக்க முடியாமல் நேற்று உன் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். கோபித்துக்கொள்ளாதே. மேலே யாரோ ஒரு பெண் எடுத்தாள். உன்னைக் கேட்டதும், "அவங்க இந்த செக்‌ஷன்ல இல்லீங்களே, கீழ அனுப்பிட்டாங்க" என்றாள். மாற்றினார்கள் என்று சொல்லவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்றாள். நான் யார் என்று கேட்டாள். அண்ணன் என்றேன். உடனே "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்று வைத்துவிட்டாள். நான் எந்த சாரையும் கேட்கவே இல்லை.

உனக்கும் மேலாளருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? இருந்தால் என்னிடம் சொல்வதற்கு என்ன? புதிதாக வந்த பத்துப் பேர் ஆஸ்பத்திரி வேலையை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கடிதத்தை அனுப்பு, அல்லது அனுப்ப முடியாது என்றாவது எழுது.

அண்ணன்


மே 15

அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் அனுப்ப முடியாது. காரணத்தை ஒழுங்காகவே எழுதுகிறேன்.

மார்ச் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கரண்ட் போயிற்று. நாற்பதில் இருபத்தோரு கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தன. உன் பெட்டிகள் எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. விழுந்ததில் எங்கள் பெரிய கம்ப்யூட்டரும் ஒன்று. எல்லோரும் ஏற்றுவது அதில்தான் சேரும். நகல் எடுப்பது சனிக்கிழமை. போனது வெள்ளி. அந்த வாரம் முழுக்க ஏற்றியது காணாமல் போய்விட்டது. பெரிய கம்ப்யூட்டரை உன் பெட்டியில் மாட்டச் சொன்னது நான்தான். எங்கள் கம்ப்யூட்டர் பொறியாளர் வேண்டாம் என்று சொல்லியும், "எங்க அண்ணன் பெட்டிங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

இறந்துபோன பதினொரு பேர் பதிவில் இல்லை. "செத்தவங்களையே எழுப்பிட்டாங்க உங்க அண்ணன்" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் ஆபரேஷனுக்கு உதவி கிடைக்குமாம். பதிவு இல்லை. மறுநாள் வா என்றோம். மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, "என் பிள்ளை பொறக்கலைன்னு சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரம் கீழே அனுப்பிவிட்டார்கள்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், உன் மார்ச் மாதக் கடிதம் அந்த வாரம்தான் என் கையில் இருந்தது. ஸ்டூல் போதவில்லை, பேட்டரி மேல் உட்காருகிறோம் என்று எழுதியிருந்தாயே. ரேடியோ கடையைச் சாத்தியபோது நீ மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. உன்னை மறுபடி அப்படிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நானே கீழே இருந்துவிட்டுப் போகிறேன், அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ அதை எடுத்து அச்சடிப்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் தாளைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விழுந்த பெட்டிகளின் எண்களைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் இருநூறுக்கு மேல். முதலில் வந்த ஆறும் ஒரு தடவைகூட விழவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே அண்ணா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை


மே 19

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

இரண்டு மாதம். இரண்டு மாதமாக நான் கூடத்தின் நடுவில் நின்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் காட்டி அறுபத்திரண்டு பெட்டி விற்றிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் வாக்கு இருக்கிறது, என் முகம் இருக்கிறது.

பெட்டி கெட்டதாக இருந்தால் திருத்துவேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கெட்டது என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?

வேறு எழுத ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

போன கடிதத்தில் உங்கள் யாருடைய உடம்பைப் பற்றியும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, "இது கடிதமா, நோட்டீஸா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் அசதி விட்டதா?

சோதித்துப் பார்த்துவிட்டேன். பில் போடும் அம்மாவிடமிருந்து கம்ப்யூட்டரைக் கேட்டேன். கையைக் கழுவிக் காட்டியும் தரமாட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே துண்டை மடித்து வைத்துவிட்டு, வயர்களைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கூடத்தில் இருந்த புதுப் பெட்டிகள் இருபதை ஒவ்வொன்றாக மாட்டினோம். காயில்காரர் ஸ்விட்சை அணைத்தார். பதினொன்றில் கம்ப்யூட்டர் விழுந்தது. அதே பதினொன்றைப் பல்புப் பலகையில் மாட்டினோம். சிமிட்டவே இல்லை.

புது ரிலே பழையதைவிடச் சற்று மந்தமாகத்தான் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத தாமதம். பல்புக்குள் இருக்கும் கம்பி அந்த நேரத்துக்குச் சூடாறாது, அதனால் தொடர்ந்து எரிகிறது. கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. கம்ப்யூட்டருக்காகப் பெட்டி செய்கிற நாங்கள் அதை ஒரு தடவைகூடக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் வேறு எவனாவது இந்தக் கூத்து அடித்திருப்பானா தெரியவில்லை. அந்த அம்மாவின் கம்ப்யூட்டர் ஓடுவதும் நம் பெட்டியில்தான், ஆனால் அது பதினேழாம் நம்பர், ஷெட்டில் செய்தது. அதனால் அது விழவே இல்லை. எங்களுக்கும் தெரியவே இல்லை.

காயில்காரர் ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் டிக் போட்டு அனுப்பினதுங்க எல்லாம்" என்றார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை.

வேலையை நிறுத்திவிட்டேன். இப்போது எனக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். ஆபீஸ் தாளில், முத்திரையோடு, என்ன நடந்ததோ அதை அப்படியே. ஆஸ்பத்திரியில் தவணையை ஒரு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறேன். வெறும் வாயால் போய்ச் சொன்னால் எனக்கே சுருதி குறைந்துவிடும். கையில் தாள் இருந்தால் குறைக்க முடியாது.

உன் அண்ணன்


ஜூன் 17

பெறுநர்: நிர்வாகி, மின்காப்புப் பெட்டித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: வழங்கப்பட்ட பெட்டிகளின் குறைபாடு தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிறுவனத்திடமிருந்து இவ்வலுவலகம் பெற்ற நாற்பது பெட்டிகளில் இருபத்தொன்று, மார்ச் 18 அன்று மின்தடை ஏற்பட்டபோது கணினிகள் நின்றுபோகாமல் காக்கத் தவறின. பின்னர் ஏற்பட்ட ஒன்பது மின்தடைகளிலும் இதே குறை காணப்பட்டது. இதனால் ஐந்து நாள்களின் பதிவுகள் அழிந்தன. முந்நூற்று நாற்பது பிறப்புகளும் பதினொரு இறப்புகளும் மீண்டும் கையால் சரிபார்த்து ஏற்றப்பட்டன. பொதுமக்கள் அலைக்கழிக்கப்பட்டனர். குறைபாடுடைய பெட்டிகளின் எண்கள் இணைக்கப்பட்டுள்ளன. உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
மேலாளர்
(தயாரித்தவர்: பதிவேட்டு அறை உதவியாளர்)

அண்ணா, இதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க அண்ணனுக்கா இப்படி எழுதுறீங்க?" என்றார். அவனேதான் கேட்டான் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று அண்ணியை எழுதச் சொல்.


ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். அண்ணி பக்கத்தில் நின்று பரிமாறிவிட்டுத்தான் போகிறாள். வாலுகளில் மூத்ததற்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. உங்கள் எல்லோருடைய நலத்தைப் பற்றியும் எழுது.

ஆஸ்பத்திரியில் வாங்கும் அதிகாரியின் மேசையில் என் விளம்பரத் தாளையும் உன் ஆபீஸ் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் படித்தார். "ரெண்டும் ஒரே ஆபீஸா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டுல எது நிஜம்?" என்றார். முத்திரை இருப்பது என்றேன். தாங்க்ஸ் சொல்லி வாசல்வரை வந்து விட்டுப் போனார். பத்து நாள் கழித்து வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு, முன்கூட்டியே ஆசையில் வாங்கி வைத்திருந்த பக்கத்துக் கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல்தான் போனேன்.

விற்ற அறுபத்திரண்டையும், அதற்கு முன் புது ரிலேயோடு போனவற்றையும் தேடிப் போய்த் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அச்சகக்காரர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். பேருந்து முன்பதிவுக் கவுண்டரில் மட்டும் ஒருவர், "சொல்லிட்டு வந்தீங்களே, அதுவரைக்கும் சரி" என்று டீ கொடுத்தார். இருபத்திநான்கு பேரில் பதின்மூன்று பேர்தான் மிச்சம். பழைய ரிலேக்காரர் காலிலேயே மறுபடி விழுந்தேன். மாதம் எழுபதுக்கு மேல் தர முடியாது என்கிறார். அப்படியென்றால் மாதம் எழுபது பெட்டிதான். பலகைக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் ஐந்து வாங்கி வைத்திருக்கிறோம். காயில்காரர் இப்போது பல்பு பக்கமே திரும்புவதில்லை.

உங்கள் முப்பத்திநான்குக்கும் ரிலே மாற்ற அடுத்த மாதம் முதல் வாரம் ஆள் வருவார். நானும் வரலாம் என்று நினைத்தேன். இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபம் எல்லாம் போய்விட்டது. பெட்டி கெட்டது கூடப் பெரிதில்லை. நான் தாங்கமாட்டேன் என்று நீ முடிவு பண்ணிவிட்டாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ரேடியோ கடை சாத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டேன் என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம்.

உன் அண்ணன்


அக்டோபர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூத்தவன் இப்போது எப்படி இருக்கிறான்? இங்கே எல்லோரும் சுகம். எனக்குத் தூசியில் இருமல் இருக்கிறது. இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். மருந்து சாப்பிடுகிறேன்.

நீ எழுதியது சரி. நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டேன். மன்னித்துவிடு என்று போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், அழுகை வந்துவிடும் என்று எழுதுகிறேன்.

உன் ஆள் வந்து மூன்று நாள் இருந்து எல்லாப் பெட்டிகளிலும் ரிலே மாற்றிவிட்டுப் போனார். 236-ஆம் நம்பர் பெட்டி மட்டும் தேனீ மாதிரி இரைகிறது. வேலை செய்கிறது, ஆனால் அந்த மேசையில் உட்காருபவருக்குத் தலை வலிக்கிறதாம். மறுபடி யாரையாவது அனுப்பு.

நேற்றுப் பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. எங்கள் அறை தரைக்குக் கீழே இருப்பதால் பகலிலும் பொட்டென்று இருட்டாகிவிடும். மார்ச்சிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் அந்த இருட்டில் உட்கார்ந்து மேலே சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். நாற்காலிகள் நகரும், "போச்சு" என்று யாராவது கத்துவார்கள். நேற்றும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இருக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு படியேறி மேலே ஓடினேன்.

நாற்பது பேரும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் எல்லாம் திறந்து நல்ல வெளிச்சம். விளக்கு போட்டிருக்கவில்லை, காலையில் பெய்த மழைக் குளிருக்கு மின்விசிறியும் போடவில்லை. பெட்டிகளின் சிவப்பு விளக்கு மேசைக்கு அடியில் இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. யாரும் தலையைத் தூக்கவில்லை. என் இடத்தில் இப்போது உட்காரும் பெண் மட்டும் நான் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா ஓடி வர்றீங்க? கரண்ட் போச்சா?" என்று கேட்டாள். போன் எடுத்து உன்னிடம் பேசிய அதே பெண்.

"போச்சு" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அது என் நாற்காலி அண்ணா. அவள் என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறாள், மேலாளர் அவளை எழுப்பப் போவதில்லை. உன் பெட்டிகளைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளைப் பார்த்து வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன். சந்தோஷத்தை மட்டும் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அண்ணிக்கும் வாலுகளுக்கும் என் அன்பு. நீ ஒரு தடவை நேரில் வா.

தங்கை